முப்பத்துமூன்று நாளைக்கு ஒரு பேர்

நம்பிராஜனுக்குக் கரண்டு வைக்க வேண்டும் என்று டாக்டர் சொன்ன அன்றைக்கு அவர் பெண்டாட்டி ஆறுமுகத்தாய் அழவில்லை. எத்தனை நாள் என்று மட்டும் கேட்டாள். முப்பத்துமூன்று நாள் என்றார் டாக்டர். சனி, ஞாயிறு லீவு, மற்ற நாளெல்லாம் தினம் ஒரு தடவை. முப்பத்துமூன்று நாளும் இந்த ஆள் என் கையில்தான் என்று அவளுக்குள் ஒரு நினைப்பு ஓடியது. நல்ல பெண்டாட்டிக்கு அந்த நேரத்தில் அப்படித் தோன்றலாமா என்று கேட்கிறவர்கள் கேட்டுக்கொள்ளட்டும். தோன்றியது, அவ்வளவுதான்.

எட்டு மாதத்துக்கு முன்னால் அவருக்கு ஆபரேஷன் ஆகியிருந்தது. மூத்திரப்பைக்குக் கீழே இருக்கிற புராஸ்டேட் சுரப்பியில் புற்று. முழுசாக எடுத்துவிட்டார்கள். எடுத்த பிறகு ரத்தப் பரிசோதனையில் ஒரு எண் பூஜ்யத்துக்குப் பக்கத்திலேயே கிடக்க வேண்டும். கொஞ்ச நாள் கிடந்தது, பிறகு மெதுவாக ஏற ஆரம்பித்தது. எங்கேயோ துளி மிச்சம் இருக்கிறது, எடுத்த இடத்தில் ரேடியேஷன் கொடுத்துவிட்டால் இப்போதே தீர்த்துவிடலாம் என்று டாக்டர் விளக்கினார். அந்த ரேடியேஷனைத்தான் தாராவியில் நம் ஆட்கள் கரண்டு வைப்பது என்கிறார்கள்.

கரண்டு வலிக்காது. படுத்திருக்க வேண்டும், மெஷின் சுற்றும், பத்து நிமிஷத்தில் எழுந்து வந்துவிடலாம். வம்பெல்லாம் தண்ணீரில்தான். செம்பூரில் அந்த ஆஸ்பத்திரியின் தரைக்குக் கீழே இருக்கிற ஹாலில் போய் உட்கார்ந்து, முதலில் மூத்திரம் பெய்துவிட்டு, பிறகு அரை லிட்டர் தண்ணீரைக் குடித்து, முக்கால் மணி நேரம் அடக்க வேண்டும். மூத்திரப்பை நிறைந்து மேலே எழும்பினால்தான் கதிர் அதன்மேலும் குடல்மேலும் அதிகம் படாது. படுத்ததும் மெஷின் ஒரு படம் எடுக்கும். பை நிறையவில்லை என்று தெரிந்தால் எழுப்பி அனுப்பிவிடுவார்கள். மறுபடி தண்ணீர், மறுபடி காத்திருப்பு. அதற்குள் முறை போய்விட்டால் நாளைக்கு வாருங்கள்.

ஆபரேஷனுக்குப் பிறகு நம்பிராஜனுக்கு மூத்திரம் நிற்பதில்லை. உட்கார்ந்திருக்கும்வரை எப்படியோ தாங்கும். எழுந்தால் போச்சு, சடசடவென்று இறங்கிவிடும். இதற்கு ஒரு பயிற்சி உண்டு. ஆபரேஷன் முடிந்த வாரமே அதைச் சொல்லிக்கொடுக்க ஆஸ்பத்திரி அறைக்கே ஒரு இளம் பெண் வந்தாள். நைன்ட்டி ஃபீட் ரோட்டில் முப்பத்தெட்டு வருடமாக அரிசிக்கடை நடத்துகிற பெரிய மனிதர், ஒரு பொம்பளைப் பிள்ளை சொல்லிக்கொடுத்தா மூத்திரம் பெய்யணும் என்று அவளை வாசலோடு அனுப்பிவிட்டார். அவள் கொடுத்த காகிதத்தை வீட்டுக்கு வரும் வழியிலேயே டாக்ஸி ஜன்னல் வழியாக விட்டெறிந்தார். ஆறுமுகத்தாய் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். அது பறந்துபோவதைப் பார்த்தாள்.

அந்தக் காகிதத்தில் என்ன இருந்திருக்கும் என்று அவளுக்குத் தெரியும். படிக்காமலே தெரியும். அவளுடைய உடம்பு அதைப் படித்து முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது.

மகள் ஸ்ரீதேவி பிறந்தபோது அவளுக்கு இரண்டு நாள் வலி. பிள்ளை வெளியே வந்தது, கூடவே மூத்திரத்தின் பூட்டும் கழன்றுகொண்டது. இருமினால் போகும், குனிந்தால் போகும், குடத்தைத் தூக்கினால் போகும். அன்றைக்குத் தாராவியில் வீட்டுக்குள் கக்கூஸ் ஏது. பொதுக் கக்கூஸ் வரிசையில் நிற்பதற்குள் சேலை நனைந்துவிடும். நம்பிராஜன் அவள் பாயைச் சுருட்டி வாசற்படி ஓரத்தில், சாக்கடைப் பக்கமாகப் போட்டார். நாற்றம் தாங்கவில்லையாம். பச்சை உடம்புக்காரி கைக்குழந்தையோடு அங்கேதான் படுத்தாள்.

ஒரு விடியற்காலை, குழாயில் தண்ணீர் வரும் இரண்டு மணி நேரத்தில், சந்துப் பொம்பளைகள் அத்தனை பேரும் வரிசையில் நிற்க, அவள் நிறைகுடத்தை இடுப்பில் ஏற்றினாள். சேலை நனைந்தது. தண்ணீர் சிந்தியது என்று யாரும் நினைத்திருப்பார்கள், நினைத்துவிட்டும் போயிருப்பார்கள். நம்பிராஜன் பல்குச்சியோடு வாசலில் நின்றுகொண்டு, சந்தே கேட்கும்படி சொன்னார். "கொடத்துல தண்ணி புடிக்க வந்திருக்கா பாரு. இவளே ஒரு ஓட்டக்கொடம்."

சந்து சிரித்தது. அன்றிலிருந்து அவளுக்கு அதுதான் பேர். ஆறுமுகத்தாய் என்று அழகான பேர் ஒன்று இருந்ததே ஜனங்களுக்கு மறந்துபோனது. முனிசிபல் ஆஸ்பத்திரியில் ஷ்யாமளா என்று ஒரு நர்ஸ் இருந்தாள், மாட்டுங்காவிலிருந்து வருகிறவள். அவள் ஒருத்திதான் இவளைத் தனியாகக் கூப்பிட்டு வைத்து, எங்கே இறுக்க வேண்டும், எப்போது விட வேண்டும் என்று வாரம் தவறாமல் சொல்லிக்கொடுத்தாள். பத்து மாதத்தில் வியாதி போய்விட்டது. பேர் போகத்தான் ஆறு வருடமாயிற்று.

நடுவில் ஸ்ரீதேவிக்குப் பேச்சு வந்தது. அப்பா அவளை மடியில் வைத்துக்கொண்டு, கடைக்கு வருகிறவர்கள் முன்னால், "அம்மா பேரு என்ன?" என்று கேட்பார். குழந்தை மழலையில் அந்தப் பேரைச் சொல்லும். எல்லாரும் சிரிப்பார்கள். அப்பா ஒரு மிட்டாய் கொடுப்பார். மூன்று வயதில் அவளைப் பால்வாடியில் சேர்க்கக் கூட்டிப்போனபோது, மராத்திக்கார டீச்சர் குழந்தையின் கன்னத்தைத் தட்டி அம்மா பேர் கேட்டாள். குழந்தை மிட்டாய்க்குக் கையை நீட்டிக்கொண்டே சொன்னது. டீச்சருக்குத் தமிழ் தெரியாது. மதராசிப் பேர்களில் இதுவும் ஒன்று என்று நினைத்து, மராத்தி எழுத்தில் அழகாக எழுதிவிட்டாள். அந்த ஊர் வழக்கப்படி புருஷன் பேரையும் சேர்த்து, ஓட்டக்கொடம் நம்பிராஜன்.

அதன் பிறகு மாதாமாதம் குழந்தைகளுக்குச் சத்துமாவுப் பொட்டலம் கொடுக்கும் நாளில், அம்மாக்களை வரிசையாக உட்காரவைத்துப் பேர் வாசிப்பார்கள். ஓட்டக்கொடம் நம்பிராஜன் என்று வாசித்ததும் ஆறுமுகத்தாய் கையை உயர்த்தி, ஹாஜிர் என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் குழந்தைக்குப் பொட்டலம் இல்லை. உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப் பேர் தமிழ்ப் பொம்பளைகள். வாயை முந்தானையால் பொத்திக்கொள்வார்கள். ஒருதடவை வந்து மாற்றிக்கொடுங்கள் என்று அவள் புருஷன் காலில் விழாத குறையாகக் கெஞ்சினாள். அவர் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துவிட்டு, கடையில் போய் எல்லாரிடமும் அதைச் சொல்லி மறுபடி சிரித்தார்.

ஒரு வருடம் அவள் ஹாஜிர் சொன்னாள். இந்தக் கதையை ஸ்ரீதேவிக்கு மட்டும் அவள் சொன்னதே இல்லை. பிள்ளை தாங்காது என்று அவளுக்குத் தெரியும்.

*

கரண்டு வைக்கப் போன முதல் நாள். நம்பிராஜன் மூத்திரம் பெய்யப் போயிருந்தார். ஹாலில் ஆட்களைப் பேர் சொல்லி உள்ளே அழைக்கிறவர் தப்ரேஸ். நாற்பது வயதுக்காரர், பாசமான மனிதர், வயதானவர்களை வீட்டில் கூப்பிடுகிற பேரால் கூப்பிட்டால் பயம் தெளியும் என்று நினைப்பவர். உள்ளே மெஷின் அறையில் போட்டோ, பிறந்த தேதி, முழுப் பேர் எல்லாம் சரிபார்ப்பார்கள், ஹாலில் கூப்பிட மட்டும் செல்லப் பேர். நம்பிராஜன் என்பது அவர் வாயில் நுழையவில்லை. ராஜன் என்று ஏற்கெனவே ஒருவர் இருக்கிறார். வீட்டில் என்ன சொல்லிக் கூப்பிடுவீர்கள் அம்மா என்று இந்தியில் கேட்டார்.

அவள் யோசித்துச் சொல்லவில்லை. சத்தியமாக யோசிக்கவில்லை. அது தொண்டையிலேயே முப்பது வருடமாக உட்கார்ந்திருந்ததுபோல, கேட்ட உடனே வெளியே வந்து விழுந்தது. தப்ரேஸ் இரண்டு தடவை சொல்லிப் பார்த்துவிட்டு, அட்டையின் மூலையில் இந்தியில் எழுதிக்கொண்டார். இனிமையான பேர் என்று வேறு சொன்னார்.

முக்கால் மணி நேரம் கழித்துக் கதவு திறந்தது. "ஓட்டக்கொடம் அங்க்கிள்" என்று தப்ரேஸ் கூப்பிட்டார்.

ஹாலில் பத்துப் பன்னிரண்டு ஆண்கள், எல்லாரும் தண்ணீரைக் குடித்துவிட்டுத் தொடையை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்கள். அவர்களில் அபுதாஹிர் ஒருவருக்குத்தான் தமிழ் தெரியும். தாராவியில் தோல் பை பட்டறை வைத்திருக்கிறவர், கடையநல்லூர்ப் பக்கம். அவருக்குச் சிரிப்பை அடக்குவதா மூத்திரத்தை அடக்குவதா என்று ஆகிவிட்டது. "நல்லாத்தான் பேரு வச்சிருக்காவ" என்றார் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "இங்கன இருக்க எல்லாத்துக்கும் அதான ஓய் பேரு."

நம்பிராஜன் அசையவில்லை. தப்ரேஸ் மறுபடி கூப்பிட்டார். ஆறுமுகத்தாய் புருஷனின் முழங்கையைத் தொட்டு, உங்களைத்தான் என்றாள். அவர் முகம் கறுத்ததை அவள் ஆசை தீரப் பார்த்தாள். தேன் குடித்ததுபோல இருந்தது என்று சொன்னால் குறைவுதான்.

வீட்டுக்கு வந்து அவர் கேட்டார். "என்னட்டி பேரு அது? எங்க புடிச்ச?"

"நீங்க வச்ச பேருதான."

"நானா? யாருக்கு?"

அவள் அவர் முகத்தையே பார்த்தாள். விளையாடுகிறாரா என்று பார்த்தாள். அவர் நிஜமாகவே நெற்றியைச் சுருக்கிக்கொண்டு நின்றார். முப்பது வருடமாக ஒருத்தி நெஞ்சில் சுமந்ததை, சுமக்கவைத்தவன் எப்போதோ தெருவில் போட்டுவிட்டுப் போய்விட்டான். யாரிடம் பழி வாங்குவது? எதற்கு அடி விழுகிறது என்று தெரியாதவனை அடித்து என்ன சுகம்?

அவள் சொன்னாள். பாய், வாசற்படி, சாக்கடை, குழாயடி, சந்து சிரித்தது எல்லாம் சொன்னாள். பால்வாடியைப் பற்றி மட்டும் மூச்சு விடவில்லை. அது மகள் சம்பந்தப்பட்டது. அவர் வாயிலிருந்து அது என்றைக்காவது மகளுக்குப் போய்விடக் கூடாது. அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, காதைச் சொறிந்தார்.

"எனக்கு ஞாபகமே இல்ல. வெளையாட்டுக்குச் சொல்லிருப்பேன்."

"நானும் வெளையாட்டுக்குத்தான் சொன்னேன்" என்று அவள் அடுப்படிக்குப் போனாள்.

பேரை மாற்றச் சொன்னால் ஏன் என்று கேட்பார்கள், அர்த்தம் சொல்ல வேண்டிவரும் என்று அவர் தப்ரேஸிடம் வாயைத் திறக்கவில்லை. முதல் வாரத்தில் இரண்டு நாள் அவரைத் திருப்பி அனுப்பினார்கள். எழும்போதே பாதி போய்விடும், படுத்து எடுத்த படத்தில் பை சுருங்கிக் கிடக்கும். இரண்டாம் வாரம் செவ்வாய்க்கிழமை மறுபடி திருப்பினார்கள். அன்று டாக்ஸியில் வரும்போதுதான் ஆறுமுகத்தாய் வாயைத் திறந்தாள். எழுந்திருக்கும்போது போகாமல் இருக்க ஒரு வழி உண்டு, தனக்குத் தெரியும் என்றாள். அவர் சட்டென்று திரும்பினார். அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு தன் நிபந்தனையைச் சொன்னாள்.

"அந்தப் பேரச் சொல்லிக் கூப்புடும்போது, எல்லாரும் பாக்க கைய ஒசத்தி, ஹாஜிர்னு சொல்லணும். ஒரு தடவ. சொன்ன அந்த நிமிசமே நான் சொல்லித்தாறேன்."

அவர் அவளைப் பார்த்த பார்வையில் டாக்ஸிக்காரரே கண்ணாடியில் எட்டிப் பார்த்தார். பைத்தியம் பிடித்துவிட்டதா என்று கேட்டார். நான் செத்தாலும் அது நடக்காது என்றார். சாவதும் பிழைப்பதும் உங்கள் இஷ்டம் என்று அவள் சொன்னாள். அப்படிச் சொல்லும்போது அவளுக்கு உள்ளே ஒரு பயம் இருந்தது, பொய் சொல்வானேன். புற்று என்பது காத்திருக்கிற பண்டம் இல்லை. இருந்தாலும் பல்லைக் கடித்துக்கொண்டாள். கூப்பிட்டால் கையை உயர்த்துவது அவ்வளவு பெரிய காரியமா? அவள் ஒரு வருடம் உயர்த்தவில்லையா?

புதன்கிழமை பேர் கூப்பிட்டு அவர் எழுந்ததும், உள்ளே கட்டியிருந்த டயப்பரையும் மீறி, பேண்ட் வழியாக, ஹால் தரையில் இறங்கியது. எல்லாரும் பார்த்தார்கள். பார்க்காததுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டவர்களும் பார்த்துவிட்டுத்தான் திருப்பினார்கள். அவர் இரண்டு கையாலும் முன்பக்கத்தைப் பொத்திக்கொண்டு நின்றார். ஆறுமுகத்தாய் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, குழாயடியில் சிரித்த ஒவ்வொருத்தி முகத்தையும் நினைவுக்குக் கொண்டுவந்து, அவர்கள் எல்லாரும் இங்கே இருந்திருக்கக் கூடாதா என்று ஏங்கினாள். பாதிப் பேர் வாஷிக்கும் டோம்பிவிலிக்கும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள், சிலர் போயே சேர்ந்துவிட்டார்கள். அபுதாஹிர் தன் தோள் துண்டை எடுத்துத் தரையில் போட்டு மூடினார். அவர் அப்படிச் செய்ததில் அவளுக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

வியாழன் எப்படியோ தப்பினார். வெள்ளி மறுபடி திரும்பினார். பத்து நாளில் ஐந்துதான் நடந்திருந்தது. டாக்டர் கூப்பிட்டு, ஒன்றிரண்டு நாள் போனால் கடைசியில் சேர்த்துக்கொள்ளலாம், இப்படி விட்டு விட்டு வைப்பது நல்லதில்லை என்றார். வீட்டில் வேறு யாராவது பொறுப்பானவர்கள் உண்டா என்று கேட்டு, ஃபைலில் இருந்த நம்பருக்குப் போன் போட்டார். அது ஸ்ரீதேவியின் நம்பர்.

*

ஸ்ரீதேவி சான்பாடாவில் இருக்கிறாள். வாஷியில் ஒரு ஆபீஸில் வேலை. திங்கட்கிழமை லீவு போட்டுவிட்டு ஹார்பர் லைன் ரயிலில் வந்து செம்பூரில் இறங்கி, அவர்களுக்கு முன்னாலேயே ஆஸ்பத்திரி ஹாலில் உட்கார்ந்திருந்தாள். அப்பாவுக்குத் தண்ணீரைத் தானே அளந்து கொடுத்தாள். மணி பார்த்துக்கொண்டாள். பிறகு அம்மா பக்கம் திரும்பி, எத்தனை நாளாக இப்படி, எனக்கு ஏன் சொல்லவில்லை என்று ஆரம்பித்தாள்.

நம்பிராஜனுக்கு ஆள் கிடைத்துவிட்டது. மகளிடம் அவர் குரல் குழைந்தது. உன் அம்மாவுக்கு வைத்தியம் தெரியுமாம், தெரிந்துகொண்டே சொல்ல மாட்டேன் என்கிறாள், நான் செத்தால் போதும் அவளுக்கு என்றார். ஸ்ரீதேவி நம்பவில்லை. நிஜமா என்று அம்மாவைக் கேட்டாள். நிஜம்தான் என்றாள் ஆறுமுகத்தாய்.

"பைத்தியமாம்மா நீ? பாகல் ஆயிட்டியா? தெரிஞ்சா சொல்லிக் குடுக்க வேண்டியதுதான? அப்பாவுக்கு ஏதாச்சும் ஆனா? இதுல என்ன ஜித், என்ன பிடிவாதம் உனக்கு?"

ஆறுமுகத்தாய் முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். மகள் கண்ணில் தான் ஒரு ராட்சசியாகத் தெரிவது அவளுக்குத் தெரிந்தது. தெரியட்டும். ஒரு வார்த்தை சொன்னால் இந்தப் பெண் இப்படிக் கேட்க மாட்டாள், அந்த ஒரு வார்த்தையைச் சொல்லப் போவதில்லை. உன் அப்பாவிடம் கேள், அவர் செய்ய வேண்டியது என்ன என்று அவருக்குத் தெரியும் என்று மட்டும் சொன்னாள்.

நம்பிராஜன் கையை விரித்தார். "ஏதோ ஒரு காலத்துல வெளையாட்டுக்கு ஒரு பேரு வச்சேன். அதுக்கு இப்பப் பழி வாங்குதா. நான் மட்டுமா சொன்னேன்? பால்வாடில கொண்டுபோயி டீச்சர்ட்டச் சொன்னது யாரு? நீதாம்ளா. ரிஜிஸ்டர்லயே ஏறிட்டுல்லா. ஒம்மேல அவளுக்கு ஒரு கோவமும் இல்ல. எம்மேலதான் கோவம்."

ஆறுமுகத்தாய் தலையைத் தூக்கினாள். பால்வாடி என்று அவள் அவரிடம் சொல்லவே இல்லை. ரிஜிஸ்டர் என்று சொல்லவே இல்லை. அப்படியானால் இந்த மனிதருக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது. டீச்சர் எழுதியதுவரை ஞாபகம் இருக்கிறது. நெற்றியைச் சுருக்கியதும் காதைச் சொறிந்ததும் நாடகம். பாவி, மறக்கவே இல்லை. எழுந்து அந்த வயிற்றில், கரண்டு வைக்க டாக்டர்கள் போட்டிருந்த மை அடையாளங்களுக்கு நடுவில் ஒன்று விடலாமா என்று இருந்தது. தாலி கட்டிய நாளிலிருந்து அவரை அவள் அப்படி வெறுத்ததில்லை.

"என்ன பேரு?" என்றாள் ஸ்ரீதேவி.

எந்த இடத்தில் கால் வைத்துவிட்டோம் என்று அப்போதுதான் தெரிந்தது நம்பிராஜனுக்கு. கடிகாரத்தைப் பார்த்தார். அபுதாஹிர் மேலே மின்விசிறியைப் பார்த்தார்.

"என்ன பேரும்மா? நான் என்ன சொன்னேன்?"

ஆறுமுகத்தாய் ஏதாவது ஒரு பொய் தேடினாள். நல்ல பொய்யாக ஒன்றும் அகப்படவில்லை. அதற்குள் கதவு திறந்து, தப்ரேஸ் அட்டையோடு வெளியே வந்து, சிரித்த முகமாகக் கூப்பிட்டார்.

"ஓட்டக்கொடம் அங்க்கிள்."

ஸ்ரீதேவிக்குத் தமிழ் எழுதப் படிக்க வராது. காது நன்றாகக் கேட்கும். முதலில் தப்ரேஸைப் பார்த்தாள். பிறகு அப்பா நாற்காலியில் விரித்து உட்கார்ந்திருந்த பிளாஸ்டிக் விரிப்பைப் பார்த்தாள். பிறகு மெல்ல அம்மாவைப் பார்த்தாள், பார்த்துக்கொண்டே இருந்தாள். எதைத் தேடிப் பிடித்தாளோ, எந்த மிட்டாய் நாக்கில் வந்ததோ, அவள் உதடு ஒருதடவை அந்தப் பேரைச் சத்தமில்லாமல் சொல்லிப் பார்த்தது.

"இதுவா?" என்றாள்.

ஆறுமுகத்தாய் குனிந்துகொண்டாள்.

நம்பிராஜன் மகளைப் பார்த்து, சும்மா இரு, நீ போய் அந்த ஆளிடம் என் பேரைச் சரியாகச் சொல்லு என்று சன்னமாகச் சொன்னார். அவருக்கு நம்பிக்கை இருந்தது. சின்ன வயதிலிருந்தே அவர் பக்கம்தான் அவள். தப்ரேஸ் இரண்டாவது தடவை கூப்பிட்டுவிட்டு, இன்று அங்க்கிள் வரவில்லையா என்று அட்டையைப் புரட்டினார்.

ஸ்ரீதேவி கையை நீட்டி அப்பாவைக் காட்டினாள். "ஹான் பையா, யஹீ ஹைன்" என்றாள், ஆமாண்ணா, இவர்தான் என்று. பிறகு அப்பா பக்கம் திரும்பினாள்.

"அப்பா. உங்களத்தான் கூப்புடுதாங்க. பதில் சொல்லுங்க."

அவர் அவளையே பார்த்தார். அவள் கண்ணை எடுக்கவில்லை. உள்ளே அரை லிட்டர் தண்ணீர் நிறைந்திருக்க, வெளியே மகள் நிற்க, நம்பிராஜன் வலது கையை எடுத்தார். காது உயரம்வரை வந்து நின்றது. போதாது என்று அவருக்கே தெரிந்ததோ என்னவோ, இன்னும் கொஞ்சம் உயர்த்தினார்.

"ஹாஜிர்" என்றார்.

ஆறுமுகத்தாய் வாக்குத் தவறுகிறவள் இல்லை. எழுந்து போய் அவர் காதருகே குனிந்தாள். "ஒடனே எந்திரிக்காதீய. மொதல்ல கீழ இறுக்குங்க, காத்த அடக்குத மாதிரி. இறுக்குனப்பொறவு மூச்ச விட்டுக்கிட்டே மெதுவா எந்திரிங்க. நாலு எட்டு வைக்கவரைக்கும் விடாதீய" என்றாள். அவர் கண்ணை மூடி இறுக்கினார். மூச்சை விட்டபடி எழுந்தார். நின்றார். தரை காய்ந்தே இருந்தது. நாலு எட்டு வைத்தார், கதவுக்குள் போனார்.

ஸ்ரீதேவி அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பிறகு, எத்தனை நாள் அப்படிக் கூப்பிட்டேன் என்று கேட்டாள்.

"கொஞ்ச நாளுதான். பொறவு அம்மான்னு கூப்புட வந்துட்டு ஒனக்கு."

ஸ்ரீதேவி முகத்தை அம்மாவின் தோளில் வைத்து அழுத்திக்கொண்டாள். ஆறுமுகத்தாய் அவள் முதுகைத் தடவிக்கொண்டே, அந்த நிமிஷத்தை மறுபடி நினைத்துப் பார்க்க முயன்றாள். முப்பது வருடம் காத்திருந்த நிமிஷம். அவர் கை உயர்ந்தது தெரியும். ஹாஜிர் என்று கேட்டது. அந்த நேரத்தில் அவர் முகம் எப்படி இருந்தது? எவ்வளவு யோசித்தும் வரவில்லை. அப்போது அவள் மகள் முகத்தை அல்லவா பார்த்துக்கொண்டிருந்தாள். பாவி மனுஷன், அதையும் பார்க்கவிடாமல் செய்துவிட்டான்.

உள்ளே மெஷின் ஓடும் சத்தம் கேட்டது. இன்றைக்குத் திருப்பி அனுப்பவில்லை. இன்றோடு ஆறு ஆயிற்று, இன்னும் இருபத்தேழு இருக்கிறது. நாளைக்கும் தப்ரேஸ் அதே அட்டையைத்தான் எடுப்பார், அதே பேரைத்தான் கூப்பிடுவார். நாளைக்கு அவள் எதிர் நாற்காலியில் உட்கார்ந்துகொள்வாள்.